நானும் அத்தகையவனோ? – ஒரு வினாவின் வரலாறு

சேலம் மாவட்டத்தின் கீழ்த்திசையில், கொல்லிமலையும் பச்சைமலையும் கண்ணுக்குத் தெரியும் சமவெளியில் அமைந்த ஊர் தம்மம்பட்டி. மரச் சிற்பத்தால் பெயர் பெற்ற ஊர் அது. அச்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. வாகையிலும் தூங்குமூஞ்சி மரத்திலும் தெய்வ உருவங்களும் வாகனங்களும் கதவுகளும் அங்கே உருப்பெறுகின்றன. அத்தொழிலுக்கு வேண்டிய குணங்கள் சில உண்டு. ஓரிடத்தில் நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டும். ஒரே வேலையில் கருத்து ஊன்ற வேண்டும். அளவு ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் உறுத்த வேண்டும். பேச்சு குறைந்திருந்தால் நன்று. இக்குணங்கள் ஒருவரிடம் மிகுந்திருந்தால், பட்டறையில் அவரைப் ‘பொறுமைசாலி’ என்பார்கள். அவரே ஒரு கலியாண வீட்டில், மேளச் சத்தமும் கூட்டமும் பொறுக்க மாட்டாமல் வெளியே போய்த் தனியாக நின்றால், ‘ஒரு மாதிரியான ஆள்’ என்பார்கள். ஆள் ஒருவரே, பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இத்தகையவர் சிற்பப் பட்டறையில் மட்டும் இருப்பவர் அல்லர். தறிக்கூடத்திலும், ஜவ்வரிசி ஆலையிலும், வங்கியிலும், பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள். ‘ஒரு மாதிரி’ என்ற சொல்லுக்குள் இத்தனை காலம் அடங்கிக் கிடந்த இவர்களுள் சிலர் இன்று ஒரு வினாவை எழுப்புகின்றனர். நாற்பது வயதைக் கடந்த ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். தம் மகனுக்கோ, தங்கை மகனுக்கோ ‘ஆட்டிசம்’ இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அஃது யாதென அறிய அவர் அதன் குறிகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். படிக்கப் படிக்கக் குழந்தையின் உருவம் மறைந்து, தம் இளமைப் பருவமே கண்முன் வந்து நிற்கிறது. “இவையெல்லாம் எனக்கும் இருந்தனவே! நானும் அத்தகையவனோ?” என்று அவர் உள்ளம் கேட்கிறது. வெளியே சொன்னால் வீட்டார் சிரிப்பார்களோ, ஊரார் பைத்தியம் என்பார்களோ, பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்கு இடையூறு வருமோ என்று அஞ்சி, வினாவை அவர் தமக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.

இவ்வினாவுக்கு விடை கூறுவது மருத்துவர் தொழில். ஆனால் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். ‘இவன் எத்தகையவன்?’ என்று ஒருவனைக் குறித்துக் கேட்கும்போது, சான்று சொல்லும் உரிமை யாருக்கு? அவ்வுரிமை காலந்தோறும் கைமாறி வந்திருக்கிறது. முதலில் அது அயலாரிடம் இருந்தது. பிறகு மருத்துவரிடம் சென்றது. பிறகு பெற்றோர் அதில் பங்கு கேட்டனர். கடைசியில்தான் அம்மனிதரே வாய் திறந்தார். தம்மம்பட்டியில் இன்று ஒருவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினா, அந்த நீண்ட கைமாற்றத்தின் கடைசிப் படியில் நிற்கிறது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆட்டிசம் என்பது தொற்றும் நோய் அன்று. இடையில் வந்து பற்றுவதும் அன்று. மூளை வளரும் முறையில் குழந்தைப் பருவம் தொட்டே அமையும் ஒரு வேறுபாடு அது. அதன் குறிகளை இரு கூறாகப் பிரிப்பர். பிறருடன் பழகுவதிலும் குறிப்பறிந்து பேசுவதிலும் உள்ள இடர்ப்பாடு ஒன்று. ஒரே செயலை, ஒரே ஒழுங்கை, ஒரே ஆர்வத்தை விடாது பற்றி நிற்றல் மற்றொன்று. ஒலி, ஒளி, துணியின் உராய்வு, உணவின் மணம் முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலும் இதில் அடங்கும். இவை ஆளுக்கு ஆள் அளவில் பெரிதும் வேறுபடும். வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவர் உளர். கல்லூரியில் பாடம் நடத்துபவரும் உளர். வானவில்லில் ஒரு நிறம் மற்றொன்றில் கரைவதுபோல் இவ்வேறுபாடுகள் தொடர்ந்து செல்வதால், அறிஞர் இதனை நிறமாலை என்று குறிக்கின்றனர்.

நம் மொழியில் இதற்கு இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. ‘மன இறுக்கம்’ என்பர் சிலர். ‘மதியிறுக்கம்’ என்பர் சிலர். அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடர் வழங்கி வந்துள்ளது. இத்தொடரைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்விசிறியின் ஓசை காதைக் குத்துகிறது என்பவரை, சட்டைக் கழுத்தின் பின்புறத் துணுக்கு முள்ளாய்க் குத்துகிறது என்பவரைப் புற உலகச் சிந்தனை அற்றவர் என்பது பொருந்துமா? அவர்களுட் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே புகுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எது தோன்றியதோ அதுவே பெயராயிற்று. உள்ளிருப்பவரை யாரும் கேட்கவில்லை. வரலாறு முழுவதும் இக்குறையே தொடர்கிறது.

பண்டைத் தமிழர் உடற்குறைகளையும் மனக்குறைகளையும் எண்ணி வகுத்தவர்கள். புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் எட்டு வகை எச்சங்கள் கூறப்படுகின்றன. கூன், குறள், ஊமை, செவிடு என்பவற்றோடு மருள் என்பதும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசாதிருந்து, திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பது மரபு. இவற்றைக் கொண்டு அவர்களுக்கு ஆட்டிசம் இருந்தது என்று சொல்லப் புகுவது பேதைமை. பேச்சு தாமதமான பிள்ளையை நம் முன்னோர் அறிந்திருந்தனர், அதற்காகக் கவலையுற்றனர், கடவுளை வேண்டினர் என்ற அளவே இவற்றால் பெறப்படும். ஆயினும் அவ்வளவும் நமக்கு வேண்டியதே. பெயர் புதிது என்பதால் ஆட்களும் புதியவர் ஆகிவிடமாட்டார்கள்.

அயலார் சான்று கூறிய காலத்துக்கு ஐரோப்பாவில் தெளிவான ஆவணம் ஒன்று கிடைத்திருக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டில் ஹியூ பிளேர் என்ற நிலக்கிழார் ஒருவர் இருந்தார். தாய் அவருக்கு மணம் செய்து வைத்தார். அம்மணம் செல்லாது என்று அவருடைய தம்பி 1747-ஆம் ஆண்டில் எடின்பரோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சொத்துரிமை அதில் அடங்கியிருந்தது. ஊரார் பலர் கூண்டேறிச் சான்று கூறினர். பறவை இறகுகளையும் குச்சிகளையும் அவர் சேர்த்து வைப்பார். தேவாலயத்தில் எப்போதும் ஒரே இருக்கையில்தான் அமர்வார். அறிந்தவர் அறியாதவர் என்று பாராமல் சுற்று வட்டாரத்தில் நடக்கும் இறுதிச் சடங்குகளுக்கெல்லாம் தவறாது போவார் என்றெல்லாம் அவர்கள் கூறினர். நீதிபதிகள் எழுத்தில் கேள்வி கேட்டபோது, பிளேர் விடை எழுதாமல் கேள்வியையே பார்த்து எழுதினார். மணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, உளவியல் அறிஞர் ஊட்டா பிரித்தும் வரலாற்றாசிரியர் ராப் ஹூஸ்டனும் அவ்வழக்கின் ஏடுகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிளேருக்கு இருந்தது ஆட்டிசமே என்பது அவர்கள் முடிபு. அயலார் சொன்னவை பொய்யல்ல. கண்டதைக் கண்டவாறே சொன்னார்கள். ஆனால் ‘அறிவிலி’ என்ற ஒரு பெட்டியைத் தவிர வேறு பெட்டி அவர்களிடம் இல்லை. அப்பெட்டிக்குள் போடப்பட்டவர் மண உரிமையை இழந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் சான்றுரிமை மருத்துவரிடம் சென்றது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் பிளாய்லர், ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை உருவாக்கினார். மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள்ளேயே ஒடுங்கி விடுவதை அவர் அச்சொல்லால் குறித்தார். பிள்ளைகளிடம் காணும் இயல்பைத் தனியே எடுத்து விளக்கியவர்களுள் முந்தியவர் ஒரு பெண்மணி. கீவ் நகரில் பிறந்து மாஸ்கோவில் பணியாற்றிய குரூன்யா சுகாரெவா, ஆறு சிறுவர்களைப் பற்றி 1925-இல் ருசிய மொழியிலும் 1926-இல் ஜெர்மன் மொழியிலும் எழுதினார். இன்றைய குறிகளோடு அவர் எழுதியவை பெரிதும் ஒத்திருக்கின்றன. எனினும் உலகம் அவரைக் கவனிக்கவில்லை. அவர் கட்டுரை ஆங்கிலத்தில் வருவதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உலகம் கவனித்தது 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் எழுதிய கட்டுரையை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணிபுரிந்த அவர், எட்டுச் சிறுவர்கள், மூன்று சிறுமியர் ஆகப் பதினொரு பிள்ளைகளை விவரித்தார். அவர்களுள் முதலாமவர் மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். இவருடைய தந்தை ஒரு வழக்கறிஞர். மகனைப் பற்றி அவர் மருத்துவருக்கு 33 பக்கம் தட்டச்சில் எழுதி அனுப்பினார். பிள்ளை எதைச் சுழற்றினான், எந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னான், யாரைப் பார்த்தும் பாராமல் இருந்தான் என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஆட்டிச வரலாற்றின் முதல் ஆவணம் என்று அக்கடிதத்தைச் சொல்லலாம். மருத்துவர் பெயரிட்டார், அதற்கு வேண்டிய சான்றைத் தந்தவர் தகப்பனார்.

டொனால்டின் பிற்கால வாழ்வு நம்போன்ற சிற்றூரார் அறிய வேண்டியது. மூன்று வயதில் அவரை வீட்டைவிட்டு ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ‘மறந்துவிடுங்கள்’ என்பதே அக்காலத்து அறிவுரை. ஓராண்டுக்குப்பின் பெற்றோர் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். அவர் பள்ளியில் படித்தார், 1958-இல் கல்லூரிப் பட்டமும் பெற்றார், தம் ஊர் வங்கியிலேயே பல்லாண்டு பணிபுரிந்தார், கார் ஓட்டினார், கோல்ப் ஆடினார், தனியே பல நாடுகளுக்குப் பயணம் சென்றார். அவர் விந்தையான மனிதர் என்பதை ஊரார் அறிவர்; நம் ஆள் என்பதையும் அறிவர். 2023-ஆம் ஆண்டில் தம் 89-ஆம் வயதில் அவர் காலமானார். குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் அவருக்குத் துணை நின்றன என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஊர் ஏற்றுக்கொண்டால் ஒருவர் எவ்வளவு தூரம் வாழ்ந்து காட்டலாம் என்பதற்கு அவர் சான்று.

அதே ஆண்டுகளில் வியன்னா நகரில் நிகழ்ந்தவை இதற்கு நேர்மாறானவை. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர், நன்றாகப் பேசவும் படிக்கவும் வல்ல, ஆனால் பிறருடன் ஒட்டாத பிள்ளைகளைப் பற்றி 1944-இல் எழுதினார். அக்காலத்தில் வியன்னா நாஜிகள் பிடியில் இருந்தது. ‘ஆம் ஷ்பீகல்கிரண்ட்’ என்ற மருத்துவ நிலையத்தில், ‘பயனற்றவர்’ என்று முடிவு கட்டப்பட்ட ஏறத்தாழ 800 குழந்தைகள் மாண்டனர். ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை அந்நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தார் என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்டார். மருத்துவர் ஒருவரே சான்றும் தீர்ப்புமாய் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டா. பெயரிடுதல் ஒரு மனிதனைக் காக்கவும் கூடும், அழிக்கவும் கூடும் என்பதை இவ்வினாவைக் கேட்பவரும் அதற்கு விடை தருபவரும் மறத்தலாகாது.

போர் முடிந்த பின்னரும் நிலைமை விரைவில் சீர்படவில்லை. சான்று தந்த பெற்றோரையே மருத்துவ உலகம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. தாயின் அன்பின்மையே காரணம் என்ற கொள்கை பரவியது. புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் அதற்கு வலுவூட்டிற்று. ஆட்டிசமுள்ள பிள்ளையின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்டு என்ற உளவியலார், அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964-இல், இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். 1977-இல் போல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரு கரு இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலும் இருவருக்கும் இல்லை. பிறப்புவழியே பெரும் பங்கு வகிக்கிறது என்பது அதனால் விளங்கிற்று. தாய்மார்கள் தலைமேல் சுமத்தப்பட்ட பழி ஆய்வுலகில் இறங்கத் தொடங்கியது. நம் ஊர்த் திண்ணைகளில் அது முற்றும் இறங்கிவிட்டதா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த திருப்பமும் ஒரு தாயால் வந்தது. இலண்டனில் மனநல மருத்துவராகிய லோர்னா விங் அம்மையாரின் மகளுக்கு ஆட்டிசம் இருந்தது. அம்மையார் ஜூடித் கௌல்டு என்பவருடன் சேர்ந்து இலண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1979-இல் முடிவுகளை வெளியிட்டார். கானர் வகுத்த குறுகிய வட்டத்துக்குள் அடங்காத, ஆனால் அதே இடர்ப்பாடுகளை உடைய பிள்ளைகள் பலர் இருப்பதை அவர்கள் கண்டனர். 1981-இல் விங் அம்மையார் எழுதிய கட்டுரையால் ஆஸ்பெர்கரின் பெயர் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் பரவிற்று. நிறமாலை என்ற கருத்துக்கு வித்திட்டவரும் அவரே.

கையேடுகளும் மெல்ல மாறின. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல்தான் ஆட்டிசத்தைத் தனி வகையாக ஏற்றது. அதுவும் குழந்தைப் பருவ நிலை என்றே. 1994-இல் ஆஸ்பெர்கர் வகை சேர்ந்தது. 2013-இல் எல்லா வகைகளையும் ஒன்றாக்கி ‘ஆட்டிச நிறமாலை’ என்று பெயரிட்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் 2022 முதல் அவ்வழியே செல்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒரு குறிப்பு உண்டு: குறிகள் இளமையிலேயே இருந்திருக்க வேண்டும், ஆயினும் சூழ்நிலை கேட்பது ஒருவர் ஆற்றலை மிஞ்சும் வரை அவை வெளிப்படாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைக்கப்பட்டும் இருக்கலாம். நாற்பது வயதுக்காரரின் வினாவுக்கு வாசல் திறந்த குறிப்பு இது.

எண்ணிக்கை கூடியதன் காரணமும் இங்கே விளங்கும். 1966-இல் விக்டர் லாட்டர் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் கணக்கெடுத்தபோது, 10,000 பிள்ளைகளுக்கு நாலரைப் பேர் என்று கண்டார். இன்று ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் கணக்கிடுகின்றனர். இவ்வேற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் வரையறை விரிந்ததும், பார்ப்போர் கண் கூர்மையானதுமே. 1980-களில் நம் ஊர்ப் பள்ளியில் படித்த பிள்ளை, பாடத்தில் தேறி, வகுப்பில் வாய் பேசாதிருந்தால், அக்காலக் கையேட்டை நன்கு அறிந்த மருத்துவரும் அவனை விட்டுவிட்டிருப்பார். இன்று நடுவயதில் கேட்பவர் காலம் தாழ்ந்து கேட்கவில்லை. அவர் நுழைவதற்குரிய கதவு திறந்ததே காலம் தாழ்ந்துதான்.

கடைசியாக, அம்மனிதர்களே பேசினர். மூன்று வயது கடந்தும் பேசாதிருந்த டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1986-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் கால்நடை அறிவியலில் பேராசிரியராக விளங்கினார். உள்ளிருந்து ஒருவர் இவ்வாறு எழுத இயலும் என்பதே பலருக்கு வியப்பாயிற்று. 1993-இல் ஜிம் சின்கிளேர் என்ற ஆட்டிசமுடையவர் பெற்றோரை நோக்கி, எங்களுக்காக இழவு கொண்டாடாதீர்கள் என்ற கருத்தில் உரையாற்றினார். 2001-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 50 வினாக்கள் கொண்ட தாள் ஒன்றை உருவாக்கினர். அதற்கு விடை எழுத வேண்டியவர் ஐயமுற்ற அவரே. அவ்வாய்வில் ஆட்டிசமுடையவருள் நூற்றுக்கு எண்பதின்மர் 32 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றனர். பிறருள் நூற்றுக்கு இருவரே அவ்வளவு பெற்றனர். எனினும் அது ஒரு சல்லடை, தீர்ப்பு அன்று. வெளிநாட்டுச் சூழலில் எழுந்த வினாக்கள் நம் வாழ்வுக்கு அப்படியே பொருந்தா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கண்ணைப் பார்த்துப் பேசாமை ஒரு குறி என்று நூல்கள் கூறும். நம் ஊரில் பெரியவர் முன்னே கண்ணைத் தாழ்த்திப் பேசுதலே மரியாதை. பேச்சுக் குறைவு ஒரு குறி என்பர். நம் வீடுகளில் பேச்சுக் குறைந்த பெண் பிள்ளைக்கு ‘அடக்கமான பெண்’ என்று நற்சான்று கிடைக்கும். ஆகவே இங்கே பெண்களின் நிலை மேலும் மறைந்து கிடக்கிறது. புகுந்த வீட்டில் இருபது பேர் நடுவே, மாற்றிய மசாலையின் மணமும் ஓயாத பேச்சும் தாங்காமல் அடுக்களையில் கதவைச் சாத்திக்கொண்டு அழும் பெண்ணை ‘ஒட்டாதவள்’ என்பார்களேயன்றி, ஏன் என்று கேட்பார் அரியர். வேறொரு புறம், இயல்பாகவே கூச்சமுள்ளவரையும், காது மந்தமானவரையும், துயரத்தால் ஒடுங்கியவரையும் ஆட்டிசம் என்று கருதிவிடும் பிழையும் நேரலாம். ஆதலின் தானே முடிவு கட்டுதல் தகாது. தேர்ந்தவரிடம் செல்லுதல் வேண்டும்.

நம் நாட்டு வரலாற்றையும் சுருக்கமாகக் காண்போம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசம் அவற்றுள் இல்லை. ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் பெற்றோர், உதவி வேண்டுமாயின் ‘மூளை வளர்ச்சி குன்றியவன்’ என்று சான்றிதழ் வாங்க வேண்டிய நிலை இருந்தது. தில்லியில் 1991 முதல் இயங்கும் ‘ஆக்ஷன் பார் ஆட்டிசம்’ போன்ற அமைப்புகள் இதற்காக வாதாடின. பெற்றோரே அவற்றின் முதுகெலும்பு. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தின் பெயரை ஏற்றது. 2005-இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் தோன்றியது. ஆட்டிசத்தை அளவிட, 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று 2009-இல் வெளியாயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. ஆட்டிச நிறமாலையும் அவற்றுள் ஒன்று. நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றளிக்கப்பட்டால், அரசுப் பணியில் ஒதுக்கீடு முதலிய உரிமைகள் அச்சட்டத்தால் கிடைக்கும். இவையெல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளை நோக்கியே அமைந்தன. வளர்ந்த பிறகு கேட்பவருக்கு வழிகாட்டல் இன்னும் குறைவு. ஆயினும் தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர் வழியே சேலம் சென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையில் 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியே ஆலோசனையும் கேட்கலாம்.

அங்கே மருத்துவர் முதலில் என்ன கேட்பார்? இன்றைய தொல்லைகளைக் கேட்பார், பிறகு, “சிறு வயதில் எப்படி இருந்தீர்கள்?” என்பார். இவ்விடத்தில் மருத்துவர் வரலாற்றாசிரியர் ஆகிறார். எப்போது பேசத் தொடங்கினார், மற்றப் பிள்ளைகளோடு விளையாடினாரா, எந்தப் பொருளை விடாது பற்றிக்கொண்டார், எந்த ஓசைக்குக் காதைப் பொத்தினார் என்பனவற்றை அவர் அறிய வேண்டும். இவற்றுக்கு ஏடு இல்லை. டொனால்டின் தந்தை எழுதியதைப்போல் 33 பக்கம் எழுதி வைத்த தகப்பனார் நம் ஊர்களில் எத்தனை பேர்? நம் ஆவணக் காப்பகம் தாயின் நினைவே. பாட்டியின், அத்தையின், முதல் வகுப்பு ஆசிரியரின் நினைவே. “இவன் மூன்று வயதுவரை வாய் திறக்கவில்லை, மரப்பாச்சியை வரிசையாய் அடுக்கி, ஒன்று நகர்ந்தாலும் அழுவான்” என்று ஒரு முதியவள் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல், மருத்துவருக்கு விலைமதிப்பற்ற சான்றாகும். அந்த முதியவள் மறைந்தால் சான்றும் மறைந்துவிடும். ஆகவே இவ்வினாவை உள்ளே வைத்திருப்பவர், அதை மருத்துவரிடம் கொண்டு போகுமுன் தம் தாயிடம் கொண்டு போவாராக. காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. “நான் சின்ன வயசில் எப்படியம்மா இருந்தேன்?” என்று கேட்டால் எந்தத் தாயும் மகிழ்ந்தே சொல்வாள். கேட்டதை அன்றே ஒரு தாளில் குறித்து வைத்தல் நன்று.

விடை ‘ஆம்’ என்று வந்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். இத்தனை ஆண்டு வாழ்ந்தாயிற்று. இனிப் பெயர் எதற்கு என்பர். பிறவியை மாற்றும் மருந்து இல்லை என்பது மெய். ஆனால் கூட்டத்தில் அரை நாள் இருந்தால் மறுநாள் முழுதும் படுத்துக் கிடப்பது சோம்பல் அன்று என்று தெரியும். பேச்சின் உட்பொருள் புரியாமல் நட்பை இழந்தது கெட்ட உள்ளத்தால் அன்று என்று தெரியும். மனைவி கணவனை, கணவன் மனைவியைப் புதிய கண்ணோடு பார்க்க ஏது உண்டாகும். பிள்ளைக்கும் அதே இயல்பு இருந்தால், தான் பட்ட அடி அது படாமல் காக்கலாம். விடை ‘இல்லை’ என்று வந்தால், தொல்லைக்கு வேறு காரணம் யாது என்று தேட வழி பிறக்கும். இரண்டும் நன்மையே.

பெருமைக்காக இப்பெயரைத் தேடுவதும் வேண்டா. ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுசனுக்கு ஆஸ்பெர்கர் இயல்பு இருந்ததென்று மைக்கேல் பிட்ஜெரால்டு என்ற அயர்லாந்து மருத்துவர் 2004-ஆம் ஆண்டில் தம் நூலில் எழுதினார். மறைந்தவரை அழைத்துக் கேட்க இயலாது. அவருடைய தாயையும் கேட்க இயலாது. சான்று கூறுவோர் இல்லாத வழக்கில் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆட்டிசமுடையோர் எல்லாரும் மேதையர் அல்லர்; மேதையராக இருந்தால்தான் மதிப்போம் என்பதும் அறமன்று. பேசாத பிள்ளைக்கும் பேராசிரியருக்கும் சட்டம் ஒரே பெயரைத் தந்திருக்கிறது. மதிப்பும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

ஹியூ பிளேருக்கு எதிராக ஊரார் கூண்டேறினார்கள். டொனால்டுக்காகத் தந்தை எழுதினார். விங் அம்மையார் தம் மகளை எண்ணி ஆராய்ந்தார். டெம்பிள் கிராண்டின் தாமே எழுதினார். இன்று நம் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி, “எனக்கும் அப்படி இருக்குமோ?” என்று கேட்டால், கேட்டவுடன் சிரியாமல், ‘உனக்கென்ன குறை’ என்று தள்ளிவிடாமல், அவர் சிறுவயதில் நாம் கண்டதை நினைவு கூர்ந்து சொல்வதே உற்றார் செய்யத்தக்க உதவி. விடையை மருத்துவர் சொல்லட்டும். அவர் முன் வைக்க வேண்டிய சான்று நம்மிடம் இருக்கிறது.